நாலாவது பில்டர்

1

இந்தக் கதை காதில் விழுந்தது. கல்முனையில் மோட்டார் சாமான் கடையொன்றில் வைப்பர் றப்பருக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்: "அந்தப் பில்டர் எதுக்கு அண்ணன்?" எனக்குக் கதைகள் கேள்வியும் மறுமொழியுமாகத்தான் வரும், முகம் பிறகு நான் பூசுவது. அவளுக்கு றாஹிலா என்று பெயர் வைத்தேன். ஊர் சம்மாந்துறை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அறுவடைக் காலத்துச் சூரியன் உமித் தூசிக்குள் பொன்னாக

(வேண்டாம். அந்தத் தூசியைக் குடிக்கிறது ஒரு பிள்ளை.)

2

பிள்ளை றிபா, றாஹிலாவின் ஒரே மகள். முட்டு வருத்தம், மூச்சு இழுக்கத் தொடங்கினால் விலா எலும்பு தெரியும். காலையில் வாப்பா இன்பாஸ் அவளைக் காரின் முன்சீட்டில் இருத்தி, அரிசி ஆலைகளைக் கடந்து, கல்முனையிலுள்ள பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவான்.

வருத்தத்துக்கு யார் காரணம் என்பதில் வீட்டில் சந்தேகமே இல்லை. தலையை ஈரத்தோடு விட்டாளாம், தயிர் கொடுத்தாளாம். சீதன வீடு றாஹிலாவின் பேரில். குற்றமும் அவள் பேரில். மாமி, இன்பாஸின் உம்மா, வந்து பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்துச் சொன்னார்:

"இந்த முடிதான் புள்ளைட உசிர எடுக்குது. வெட்டி உடு மகள்."

இடுப்பைத் தொட்ட முடியை றாஹிலாவே வெட்டினாள். றிபா அழவில்லை. அழுதால் இழுக்கும் என்ற பயம்.

இழுப்பு நிற்கவில்லை.

3

கிளினிக் டொக்டர், காரில் ஏசி பில்டர் மாற்றினீர்களா என்று கேட்டார். இன்பாஸிடம் கேட்டதற்கு, போன சேர்விஸில் மாற்றியாயிற்று, டொக்டருக்கு வேறு வேலையில்லை என்றான். அவளுக்கு மனம் ஆறவில்லை. அப்படித்தான் அந்தக் கடைக்கு வந்தாள். கடைக்காரர் கோகுலன், பாண்டிருப்பு ஆள், பெட்டிகளை மேசையில் வரிசையாக வைத்தார்.

"இது எஞ்சின் மூச்சு வாங்கிறதுக்கு. இது ஒயிலுக்கு. இது பெற்றோலுக்கு. மூண்டும் காருக்கு, தங்கச்சி. நாலாவதுதான் உள்ளுக்க இருக்கிற ஆக்களுக்கு. அத ஒருத்தரும் கேட்டு வாறதில்ல."

மடிப்பு மடிப்பான காகிதம். மாற்றும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

4

வெள்ளிக்கிழமை இன்பாஸ் ஜும்ஆவுக்கு நடந்து போனதும், றாஹிலா காரின் டேஷ்போட் பெட்டியை வெறுமையாக்கி, இரண்டு பக்கமும் அழுத்திக் கீழே இறக்கி, பின்னாலிருந்த ஒடுங்கிய மூடியைக் கழற்றினாள்.

(இவ்விடத்தில் பில்டர் நிறைய உமியும் கறுத்த அழுக்கும் என்று எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். அழுக்கு, அது வேலை செய்ததற்கு அடையாளம்.)

உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பொந்து.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. போன வெயில் காலம் இன்பாஸ் சிரித்துக்கொண்டு வந்தான்: "ஏசிக் காத்த ஒரு அடைசல் மறிச்சிக்கொண்டிருந்த. கழட்டி எறிஞ்சிட்டன். இப்ப அள்ளுது." அவளும் முன்சீட்டில் ஏறி, அந்தக் காற்றை முகத்தில் வாங்கி, அவனை மெச்சினாள். அதற்கடுத்த அறுவடையில்தான் றிபாவுக்கு முதல் இழுப்பு.

முடி வெட்டிய அன்று கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தது இன்பாஸ்தான்.

5

அவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். பேனை ஓடவில்லை. மகளுக்கு இழுத்தால் விடியும்வரை நெஞ்சில் சாத்தி வைத்திருப்பவன் அவன். கழற்றி எறிந்ததை மறந்துபோயிருப்பான். மாற்றியாயிற்று என்ற பொய், பேச்சை முடிக்கச் சொன்னது. [இதற்கு மேல் அவனுக்காக ஒரு பந்தி இருந்தது. அவனுக்காகக் கதைக்க ஊரே இருக்கிறது; நான் எதற்கு?]

6

புதிய பில்டரை அம்புக்குறி கீழே பார்க்கச் செருகி, மூடினாள். இனி முடிவு.

ஒன்று: மாமியைக் கூப்பிட்டுச் சொல்கிறாள். "ஆம்புளையளுக்கு இதெல்லாம் நினைவிரிக்குமா மகள்" என்கிறார் மாமி.

இரண்டு: ஒன்றும் சொல்வதில்லை. றிபா தேறுகிறாள். முடி வெட்டியதால்தான் சுகம் என்று வீடு முழுக்கக் கதை. முடியை இனி வளர விடுவதில்லை. நிசத்தில் இதுதான் நடந்திருக்கும். அதனால்தான் எழுத மறுக்கிறேன்.

மூன்று: பாதிதான் எனக்குக் கேட்கிறது. பின்னேரம் இன்பாஸ் காரை எடுக்கிறான். முன்சீட்டில் றிபா, கட்டைத் தலையோடு. ஏசிக்கு நேரே கையை விரித்துப் பார்க்கிறான்.

"காத்து குறைஞ்சிட்டு. இதுக்குள்ள கை வெச்ச ஆரு?"

றாஹிலா வாசலில் நிற்கிறாள், பில்டர் வந்த வெறும் பெட்டியோடு. வாயைத் திறக்கிறாள்.

அவளுடைய மறுமொழி எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால், சத்தமாகவே சொல்லுங்கள். கார்க் கண்ணாடி ஏற்றியிருக்கிறது. உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் கேட்கவேண்டும்.