வாய்க்காலுக்கு எந்தப் பக்கம்

வீடு வாங்குவதென்று முடிவு செய்தபோது லிஃப்ட்காரருக்கு வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருடமாக அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்த்து வருகிறவர். கம்பெனியில் அவருக்கு ‘மேலகீழ’ என்று பட்டப்பெயர். “மேலகீழ வந்துட்டாரா?” என்று ஃபோர்மேன் கேட்பார்; இவரும் கோபித்துக்கொள்ளாமல் குரல் கொடுப்பார். ஊரில் எத்தனையோ பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்கியவருக்குச் சொந்தமாக ஒரு கதவு இல்லை.

மனைவியைப் பிரிந்து ஆறு வருடம். சண்டை, கூச்சல் என்று எதுவும் நடக்கவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் “சாப்பாடு மேசை மேல இருக்கு” என்பதோடு நின்றுபோன கல்யாணம் அது. பிரிந்ததும் ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை பிடித்தார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு அடுப்பு. மகள் பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை வருவாள். கட்டிலில் அவள், நாற்காலியில் இவர். பேச ஒன்றும் இல்லாதபோது இருவரும் கீழே ஓடுகிற தையல் மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மெஷின் நின்றுவிட்டால்தான் சங்கடம்.

ஒரு சனிக்கிழமை, மடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்த மகள் முதுகு வலிக்கிறதென்று சுவரில் சாய்ந்தாள். சுவரின் சுண்ணாம்பு அவளுடைய கறுப்புச் சட்டை முழுக்க அப்பிக்கொண்டது. தட்டிவிட்டாள், சிரித்தாள். அவருக்குத்தான் சுருக்கென்றது. திங்கட்கிழமையே ஒரு வீட்டுத் தரகரைப் போய்ப் பார்த்தார்.

தரகர் வாய் மூடாத ஆள். ஒரே வாரத்தில் இருபது வீடு காட்டி, அதில் பதினெட்டை இவர் தலையாட்டித் தள்ள, மிஞ்சியது இரண்டு. ஒன்று வாய்க்காலுக்கு மேற்கே, மற்றது கிழக்கே.

அந்த வாய்க்கால்தான் இரண்டு புறநகர்களையும் பிரித்தது. வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். உள்ளே இருப்பவர்களைக் கேட்டால்தான் தெரியும் சேதி. மேற்கே இருப்பவர்கள் கிழக்கே தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். கிழக்கே இருப்பவர்களுக்கு மேற்கே போனால் மூச்சு முட்டும். மேற்கே அகலமான தெரு, நிழல் மரங்கள், நல்ல பள்ளிக்கூடம், வாசலுக்கு வாசல் காவலாளி. கிழக்கே பட்டறைகள், பஸ் டிப்போ, ஒட்டி ஒட்டிக் கடைகள், எந்த நேரமும் யாராவது யாரையாவது கூப்பிடுகிற சத்தம். லிஃப்ட் கம்பெனியின் கிடங்கும் கிழக்கேதான். முன்னாள் மனைவியும் மகளும் இருந்தது மேற்கே.

மேற்கு வீடு ஏழாவது மாடியில். லிஃப்ட்டில் ஏறியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன சார், தலை சுத்துதா?”

“இல்ல. லிஃப்ட் பெட்டி ஓடற ரெயில்ல எண்ணெய் போட்டு ரொம்ப நாளாச்சு. கேக்குதா, உரசுது?”

“சார், வாங்கப் போறது வீட்ட. லிஃப்ட்ட இல்ல.”

வீடு சின்னது. ஆனால் இரண்டாவது அறைக்கு நல்ல வெளிச்சமும் புத்தக அலமாரியும் இருந்தன. அதைப் பார்த்ததும் அவர் மனதில் மகள் அங்கே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். மற்றதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டார். கூடத்து ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாது.

கிழக்கு வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட்டே கிடையாது.

“உங்களுக்கு நல்லதாப் போச்சு சார். வீட்டுக்கு வந்தும் வேலை பார்க்க வேணாம்!” என்று தரகர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அந்தச் சமையலறையில் ஒரு மேசை போட இடம் இருந்தது. ஒரு ஜன்னல் மேற்கே வாய்க்காலைப் பார்த்திருந்தது. எதிர்ப்பக்க ஜன்னல் வழியாகக் காலை வெயில் நேரே உள்ளே வந்து தரையில் விழுந்தது. அவர் அந்த வெயிலில் போய் நின்றார். ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை. தரகர் குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இவர் காதில் ஒன்றும் விழவில்லை.

ஆனாலும் கணக்கு மேற்கு வீட்டுக்குத்தான் நேராக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கிருந்து மகள் வீடு வரை நடந்து பார்த்தார். ஏழு நிமிடம். திரும்பிப் போய் மறுபடி நடந்தார், இந்த முறை பதினேழு வயதுப் பெண் நடக்கிற வேகத்தில். ஆறு நிமிடம். வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் காவலாளி வந்து, “யாரப் பார்க்கணும்?” என்றார்.

‘என் மகளை’ என்று சொல்லியிருக்கலாம். அன்று அவளுடைய முறை நாள் இல்லை. “யாரையும் இல்ல. சும்மா நடந்து பார்த்தேன்” என்றார். காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்த பார்வை தெருமுனை வரை முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்திலேயே வந்து குடியேறப் போகிறவர் சொல்லாமல் செய்வது முறையில்லை என்று மனசு உறுத்தியது. முன்னாள் மனைவி வேலை பார்த்த மருந்துக் கடைக்குப் போனார். அவள் கவுண்ட்டருக்குப் பின்னால் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தாள். அது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

“உங்க பக்கத்துல ஒரு வீடு பார்த்திருக்கேன். உனக்கு ஆட்சேபணை எதுவும்...”

“ஊர என் பேர்லயா எழுதி வெச்சிருக்காங்க? எங்க வேணா வாங்குங்க.” குரலில் கடுமை இல்லை. கத்தரி நின்றது. “அவகிட்ட கேட்டீங்களா?”

“படம்தான் காட்டினேன். வீட்ட முடிஞ்சதும் காட்டலாம்னு பார்த்தேன். சந்தோஷப்படுவா இல்ல?”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். ஏதோ சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள். “கேட்டுட்டு வாங்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் நின்ற ஆளின் மருந்துச் சீட்டை வாங்கக் கை நீட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை மகளை இரண்டு இடத்துக்கும் கூட்டிப் போனார். தரகரும் தொற்றிக்கொண்டார்.

மேற்கு வீட்டில் அவர் இரண்டாவது அறையின் கதவைத் தள்ளித் திறந்து, “இது உன் ரூம், குட்டி” என்றார்.

அவள் உள்ளே போனாள். அலமாரியின் தட்டுகளை விரலால் தடவினாள். “நல்லா இருக்குப்பா” என்றாள். தூரத்து உறவினர் வாங்கித் தந்த, அளவு பொருந்தாத சட்டையைப் பார்த்துச் சொல்கிற அதே குரல். அவருக்கு அது புரியாமல் இல்லை. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கிழக்கு வீட்டில் சமையலறையின் வாய்க்கால் பக்கத்து ஜன்னல் இறுகிப்போய்க் கிடந்தது. தரகர் இழுத்தார், இவர் இழுத்தார், வரவில்லை. “நகருங்க” என்று மகள் வந்தாள். தாழ்ப்பாளை இரண்டு முறை ஆட்டி, கீழ்ப்பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டு. திறந்துகொண்டது. சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து வெளியே பார்த்தாள். “அப்பா, கீழ வாத்து போகுது” என்றாள். அன்று அவள் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது வாய்க்காலின் நடைபாலத்தில் நடுவழியில் நின்றுவிட்டாள்.

“அப்பா, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது.”

“சொல்லும்மா.”

“எனக்கு வெளியூர்ல சீட் கிடைச்சிருக்கு. கப்பல் என்ஜின் படிப்பு. இன்னும் மூணு மாசத்துல போயிடுவேன்.”

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். உங்ககிட்ட போன மாசமே சொல்லத்தான் வந்தேன். அன்னிக்குப் பார்த்து நீங்க வீட்டுப் படமா எடுத்து எடுத்துக் காட்டினீங்க. எப்படிப்பா சொல்றது?”

“லீவுக்கு வருவியே.”

“வருவேன். உங்களப் பார்க்காமப் போவேனா? ஆனா அந்த வீட்ட எனக்காக வாங்காதீங்க. நான் வராத சனிக்கிழமையெல்லாம் அந்த ரூம் வாசல்ல நாற்காலியப் போட்டு உட்கார்ந்துருவீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?”

பின்னால் வந்துகொண்டிருந்த தரகர், பேச்சு போகிற திசையைப் பார்த்து, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றார். அவர் வாய் மூடியிருந்ததை இவர் பார்த்தது அன்றுதான்.

“என்ஜினா!” என்றார் கடைசியில். “கை எல்லாம் கிரீஸ் ஆகும்.”

“உங்க கை என்ன வாசமாவா இருக்கு?” என்று அவள் அவர் தோளில் இடித்தாள்.

“சரி, எந்த வீடு வாங்கறது? நீயே சொல்லு.”

“அத நான் சொல்லக் கூடாதுப்பா. உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?”

அவர் தான் இருந்த வீடுகளை மனதில் எண்ணிப் பார்த்தார். பிறந்து வளர்ந்த வீடு அப்பா பார்த்தது. குடித்தனம் செய்த வீடு மனைவி பார்த்தது. தையல் கடை மாடி, ஃபோர்மேன் சொல்லிப் பிடித்தது. எது பிடித்திருக்கிறது என்று கேட்டு யாரும் அவரை நிறுத்திவைத்ததில்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்றார், ஏதோ அவள்தான் வாங்கப் போகிறவள் மாதிரி.

பதினொரு நாள் யோசித்தார். தரகரின் போனுக்குப் பிடி கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து, சோதனை வேகத்தில், கம்பிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மேலே போவது. சுற்றிலும் இருட்டு. ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் கதவிடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சமும் ஒரு வாய்ப் பேச்சும் வரும். மூன்றாவது மாடியில் ஒரு பெண் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஐந்தில் யாரோ யாரையோ செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். எட்டில் ஒரு குழந்தை, “நான்தான் அமுக்குவேன், நான்தான்” என்று அழுதது. இருபத்தாறு வருடமாகக் கேட்கிற சத்தம்தான். பத்தாவதைத் தாண்டும்போது தன் மனசு எங்கே போயிருக்கிறதென்று கவனித்தார். அந்தக் கிழக்கு ஜன்னலில் இருந்தது. வெயில் இருந்தது, மேசை இருந்தது. மகள் இல்லை. யாருமே இல்லை. அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார், அதுவும் நன்றாகவே இருந்தது. அப்படி நினைத்ததில் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

கீழே இறங்கியதும் தரகரைக் கூப்பிட்டார். “கிழக்கே இருக்கறது” என்றார். இத்தனை வாரமாகத் தரகர் பேசிய பேச்சுக்கு இரண்டே சொல்லில் பதில்.

வீடு மாற ஃபோர்மேனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். இருபது நிமிடத்தில் சாமான் தீர்ந்தது. “இவ்வளவுதானா?” என்று ஃபோர்மேன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கட்டில் இருந்த அறை போக மற்ற அறை காலியாகக் கிடந்தது. அதில் என்ன வைப்பதென்று தெரியாமல் கதவைச் சாத்தி வைத்தார்.

மகள் ஊருக்குப் போன அன்று ரயில் நிலையத்துக்கு முன்னாள் மனைவியும் வந்திருந்தாள். ரயில் போன பிறகு இருவரும் வெளிவாசல் வரை சேர்ந்து நடந்தார்கள். சேர்ந்து நடந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவர் மனசு எண்ணப் பார்த்தது. வேண்டாமென்று விட்டுவிட்டார்.

“கண்ணாடி எப்ப போட்ட?”

“ரெண்டு வருஷம் ஆச்சு.” கொஞ்சம் பொறுத்து, “படிப்பு விஷயத்த அவளே உங்ககிட்ட சொல்லணும்னு என்னை வாயத் திறக்க விடல” என்றாள்.

“நல்லதுதான்.”

அவளுக்கு மேற்கே போகிற பஸ் முதலில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து கையைத் தூக்கினாள். அவரும் தூக்கினார்.

அதற்குப் பிறகு நாட்கள் ஒரே மாதிரி போயின. காலையில் எழுந்து, நாற்காலியை இழுத்துச் சமையலறை வெயிலில் போட்டு, காபி குடிப்பார். வேலைக்குப் போவார். வருவார். மகள் புதன்கிழமைகளில் பேசுவாள். பம்பு, வால்வு என்று ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. மற்ற ஆறு நாளும் தொலைபேசி சும்மா கிடக்கும். சில சாயங்காலங்களில், கம்பெனியில் கடைசியாகப் பேசியதற்குப் பிறகு தன் குரலைத் தானே கேட்கவில்லை என்பது அவருக்கு உறைக்கும். தொண்டையைச் செருமிப் பார்ப்பார், குரல் இருக்கிறதா என்று.

ஐந்தாவது வாரம், ஒரு காலை, கதவு தட்டப்பட்டது. அந்த வீட்டில் கதவு தட்டப்படுவது அதுவே முதல் முறை. திறந்தால் கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக ஒரு பருத்த மனிதர். கீழ்வீட்டுக்காரர். பேக்கரியில் ராத்திரி வேலை. காலையில் வந்துதான் படுப்பார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. தினம் சரியா ஆறேகாலுக்கு ஏதோ இழுக்கறீங்க. கூடத்துலேர்ந்து சமையலறை ஜன்னல் வரைக்கும். அப்புறம் அரை மணி நேரம் சத்தமே இல்ல. அப்புறம் திருப்பி இழுக்கறீங்க. எனக்குத் தூக்கம் போச்சு.”

லிஃப்ட்காரர் கதவை முழுக்கத் திறந்தார். ஆறேகால். அரை மணி நேரம். தான் காபி குடிக்கிற நேரம் இன்னொரு மனிதருக்கு இத்தனை துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

“நாற்காலிங்க. மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கே அடியில ரப்பர் போட்டுடறேன்.”

“நேத்து இழுக்கவே இல்லயே?” என்றார் பேக்கரிக்காரர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. “என்னடா, மேல ஆளுக்கு உடம்பு சரியில்லையோன்னு அதுலயும் தூக்கம் வரல.”

“நேத்து வேலை சீக்கிரம் இருந்தது.”

“ஓ. சரி சார்.” அவர் படியிறங்கினார். இரண்டு படி இறங்கி நின்று, “பன் ஏதாவது வேணும்னா சொல்லுங்க, மிஞ்சறது கொண்டு வரேன்” என்றுவிட்டுப் போனார்.

அன்று மாலை கிடங்கிலிருந்து லிஃப்ட் கதவுக்குப் போடுகிற ரப்பர்த் துண்டு ஒன்றை எடுத்து வந்து, நான்காக நறுக்கி, நாற்காலியின் கால்களில் ஒட்டினார். ஒட்டிவிட்டு இழுத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. நல்ல வேலைதான். இனி அவருடைய ஆறேகால் கீழே யாருக்கும் கேட்காது. ஆனாலும் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியைப் பிடித்தபடியே நின்றார். வெளியே கடைக்காரர்கள் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு சாத்தியிருந்த அறையைத் திறந்து, விளக்கைப் போட்டு, அங்கே ஒரு மேசை வாங்கிப் போட்டால் எந்தப் பக்கம் பொருந்தும் என்று கையால் அளக்க ஆரம்பித்தார்.