பதினேழாம் அத்தியாயத்தில் சீனியம்மாள்

1
இது நானூறு பக்கச் சரித்திர நாவலாக வந்திருக்க வேண்டியது. எழுதுகிறவள் தமிழ்வாணி, கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. சோழவந்தானில் ஒரு காதுகுத்துக்குப் போனவள், பக்கத்து வீட்டுச் சுவரில் அந்தப் போட்டோவைப் பார்த்துத் தொலைத்தாள்: குட்டி விமானம், அருகில் வெறுங்காலோடு ஒரு சேலைக்காரி.*

2
முதல் தொடக்கம்: "1961. வைகை இரு கரையும் தொட்டு—" வேண்டாம். வைகை வராத நாவல் ஒன்றாவது இருக்கட்டும்.

இரண்டாவது: "வெற்றிலை விவசாயி வீட்டு மருமகள் சீனியம்மாள், நாலு வயது மகளைத் தூங்கவைத்துவிட்டு, விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பினாள்." இது நிற்கட்டும். நடந்ததும் இதுதான். அவள் திரும்பவேயில்லை.

(இப்படிப் போகிறவளை உங்களுக்குப் பிடிக்குமா? தமிழ்வாணிக்கே முழுசாகப் பிடிக்கவில்லை.)

3
போட்டோவில் சீனியம்மாளின் வெறுங்காலைப் பற்றி மூன்று பக்கம் எழுதினாள். வறுமையாம், எதிர்ப்பாம், இன்னும் என்னென்னவோ. போட்டோ மாட்டியிருந்த வீட்டுக்காரி பாண்டியம்மாள்தான் அந்த மகள்; இப்போது அறுபத்தெட்டு வயது. அவளிடமே வாசித்தும் காட்டினாள். பாண்டியம்மாள் சிரித்துவிட்டாள். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை, அது கோயில் மாதிரி, விமானத்தையும் அம்மா அப்படித்தான் நினைத்திருப்பாள் என்றாள். மூன்று பக்கமும் குப்பைக்குப் போயின.

4
பதினேழாம் அத்தியாயம். சீனியம்மாள் முதன்முதலாகத் தனியே பறக்கிறாள். எந்த ஊர் என்று தெரியாததால், தமிழ்வாணி அவளை வாடிப்பட்டிக்கு மேலேயே பறக்கவிட்டாள். "மகளை நினைத்ததும் அவள் கண்கள்—" என்று ஒரு வாக்கியம். பாண்டியம்மாளுக்காகவே எழுதியது. அறுபது வருஷமாக ஒரு வரி வராதவளுக்கு வேறென்ன கொடுப்பது?

அதைக் கேட்டுப் பாண்டியம்மாள் சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"என்னைய நெனச்சு அழுதாள்னு எழுதாத தாயி. கண்ணுல தண்ணி நின்னா தரை எப்படித் தெரியும்? விழுந்துருவா."

அப்படியானால் நினைக்கவே இல்லை என்று எழுதட்டுமா என்று தமிழ்வாணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நெனைக்கட்டும். எறங்குன பெறகு நெனைக்கட்டும்."

அழுதது தமிழ்வாணிதான்.

5
அந்த வாக்கியத்தை அடித்தாயிற்று. சீனியம்மாள் இன்னும் மேலேதான் இருக்கிறாள். இறங்கினால் மகளை நினைக்க வேண்டும். நினைத்தாளா என்பது யாருக்கும் தெரியாது. பொய் சொல்லி இறக்கவும் தமிழ்வாணிக்குக் கை வரவில்லை, நினைக்கவில்லை என்று இறக்கவும் மனசு வரவில்லை.

[ஒரு பத்தி காலி.]

நீங்கள் இறக்குங்கள். பதறாமல், மெதுவாக. மகள் கீழே நிற்கிறாள்.

—————
* அந்தப் போட்டோ தபாலில் வந்தது. உள்ளே கடிதம் இல்லை.