லைப்ரரி டிஸ்க்கில் சந்தனம்

விசயதசமிக் காலையில் மடத்துவெளியில் தம்பிராசா வீட்டிலிருந்து கேட்ட சத்தத்துக்குத் தெருவில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். கத்தியது தம்பிராசாவின் தங்கை மீனலோசனி. ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தது மேசையில் இருந்த கொம்பியூட்டர்.

"முந்தநாள் வரைக்கும் நல்லாத்தானே வாசிச்சனி? இண்டைக்கு உனக்கு என்ன கேடு?"

திரையில் அதே வசனம்தான் திரும்பத் திரும்ப வந்தது. லைப்ரரியை வாசிக்க முடியவில்லை, கைவிடவா, மறுபடி முயலவா?

ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? எண்பத்து மூன்றுக் கலவரத்தில், கொழும்பில் அவள் வேலை செய்த கந்தோரை எரித்தார்கள். அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவள், மூன்று வருடமாக அண்ணன் வீட்டில், இந்தத் தீவுக் கிராமத்தில் வேலையில்லாமல் இருந்தாள். கூடப் படித்தவள் ஒருத்தி லண்டனிலிருந்து அனுப்பிய இந்தப் பழைய மெஷின்தான் அவளைப் பைத்தியமாகாமல் காப்பாற்றியது. இப்போது ஊர்காவற்றுறைக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஒரு கொம்பியூட்டர் வந்திருந்தது. மண்ணெண்ணெய்ப் பங்கீட்டுக்கு ஒரு புரோகிராம் எழுதி, விசயதசமியன்று, நல்ல நாளில், ஓட்டிக் காட்டினால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் சங்கத் தலைவரின் மருமகனுக்கு. அந்த மருமகனுக்கு மெஷினைத் துடைக்க மட்டும் தெரியும்.

புரோகிராம் எழுதி முடிந்துவிட்டது. அவளுடைய மெஷினில், எழுதியதை மெஷினுக்குப் புரியவைக்கும் கொம்பைலருக்குள்ளே வைத்து ஓட்டினால் அழகாக ஓடியது. சங்கத்து மெஷினிலோ கொம்பைலர் இல்லை, அதை ஏற்ற மெமரியும் போதாது. ஆகவே புரோகிராமைத் தன்பாட்டில் ஓடக்கூடியதாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய சாமான்களெல்லாம் லைப்ரரி என்ற டிஸ்க்கில் இருந்தன. இடம் மாறிப் போகிறவன் சட்டி பானையையும் கட்டிக்கொண்டு போவதுபோலத்தான் இந்த வேலை. லைப்ரரியை வாசிக்காவிட்டால் சட்டியும் இல்லை, பானையும் இல்லை.

முந்தநாளே கட்டி முடித்திருப்பாள். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கும்போது அண்ணன் தம்பிராசா டிஸ்க் பெட்டியையும் தூக்கிக் கும்பத்தடியில் வைத்துவிட்டார். "உன்ரை புத்தகம் இதுதானே. பூசையண்டு தொடக்கூடாது" என்று ஒரே பிடி. அவள் கெஞ்சினாள், சண்டை பிடித்தாள், சாப்பிடாமல் கிடந்தாள். ஒன்றும் சரிவரவில்லை.

இன்றைக்குப் பூசை முடிந்து பெட்டி கைக்கு வந்தபிறகுதான் இந்தக் கூத்து. லைப்ரரி இரண்டாவது டிரைவில் இருக்கிறது என்று கொம்பைலருக்குச் சொல்லும் வரியைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடி எழுதினாள். டிரைவை மாற்றிச் சொன்னாள். பெயரில் எழுத்துப் பிழையோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மெஷினை நிறுத்தி முதலிலிருந்து தொடங்கினாள். ஊர்காவற்றுறைக்கு முதல் பஸ் போகிற சத்தம் கேட்டது. அடுத்த பஸ்ஸையும் விட்டால் எல்லாம் முடிந்தது.

கடைசியில்தான் டிஸ்க்கை வெளியே இழுத்துப் பார்த்தாள். உறையில், மெஷின் வாசிப்பதற்காக நீளமாகத் திறந்திருக்கும் இடத்தில், அப்படியே உள்ளே இருக்கும் தகட்டின் மேல், சந்தனம் காய்ந்து கிடந்தது.

"மச்சாள்!"

குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்த அண்ணி பரிமளத்தை அவள் பேசவே விடவில்லை. "உங்களுக்கு மூளை இருக்கோ? பொட்டு வைக்க வேறை இடம் கிடைக்கேல்லையோ? என்ரை சீவியத்திலை மண்ணை அள்ளிப் போட்டிட்டியளே!" பரிமளத்தின் கண் கலங்கியது. வாசலில் நின்ற தம்பிராசா, "விடு பிள்ளை. அவளுக்கு உதெல்லாம் தெரியுமோ? தெரியாமல் வைச்சிட்டாள்" என்றார்.

பரிமளம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியிலிருந்த மற்ற டிஸ்க்குகளை எடுத்து மேசையில் பரப்பினாள்.

"வடிவாப் பாரும் மீனா. எல்லாத்துக்கும் மூலையிலை, பேர் எழுதின கடதாசியிலைதான் வைச்சனான். குங்குமமும் வைச்சனான். குங்குமம் இல்லாமல் நான் ஒரு பொட்டும் வைக்கிறேல்லை."

உண்மைதான். ஒவ்வொன்றிலும் மூலையில் மோதிரவிரல் அளவில் சந்தனம், நடுவில் குங்குமம். லைப்ரரி டிஸ்க்கிலும் மூலையில் அந்தப் பொட்டு இருந்தது. தகட்டில் இருந்ததுதான் வேறு. குங்குமம் இல்லை. பெருவிரலால் இழுத்த தடித்த பூச்சு.

பெட்டியைக் கும்பத்தடிக்குத் தூக்கும்போது அண்ணன் கேட்டது மீனலோசனிக்கு நினைவு வந்தது. "இதிலை எது பிள்ளை முக்கியமானது?" அண்ணன் அக்கறையாகக் கேட்கிறாரே என்று சந்தோசப்பட்டு, லைப்ரரி டிஸ்க்கை எடுத்து, இது இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது, இந்தத் திறந்த இடத்தில் விரல்கூடப் படக்கூடாது என்று விளக்கமாகச் சொன்னவள் அவள்தான்.

"அண்ணை."

தம்பிராசா முற்றத்தைப் பார்த்தார்.

"நீங்களோ?"

"ஊர்காவற்றுறையிலை நேவிக்காரன் காம்ப் அடிச்சு நிக்கிறான்" என்றார் அவர், முற்றத்தைப் பார்த்தபடியே. "நாளாந்தம் அந்த ரோட்டாலை நீ போய் வாறதோ? அண்டைக்கு அகதிக் கப்பலடியிலை, உயிரோடை வாறியோ எண்டு உன்னைத் தேடி நிண்டது நான். அந்தப் பயம் உனக்கென்ன தெரியும்?"

"பயமெண்டால் என்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நான் சண்டை பிடிச்சிருப்பன், அழுதிருப்பன், அது வேறை. சரஸ்வதியின்ரை சந்தனத்தை எடுத்தோ இந்த வேலை பார்த்தனீங்கள்?"

அவளுக்கு இன்னும் எவ்வளவோ கேட்க இருந்தது. ஆனால் பஸ் யாருக்காகவும் நிற்காது. சவர பிளேட்டை எடுத்து உறையின் ஓரத்தைக் கீறினாள். உள்ளேயிருந்த மெல்லிய மண்ணிறத் தகட்டை விளிம்பில் பிடித்து இழுத்தாள். கழுவலாம், ஆனால் எதில் கழுவுவது? அவர்களுடைய கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பூக்கும்.

"கார்க் கொட்டிலுக்கை உப்பில்லாத பற்றறித் தண்ணி இருக்கு" என்றாள் பரிமளம். சொல்லிவிட்டு நிற்கவில்லை. அண்ணனின் மொரிஸ் மைனருக்கு வாங்கி வைத்திருந்த போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாம்பாளத்தில் தகட்டை வைத்து ஊற்ற, சந்தனம் மெல்ல மெல்லக் கரைந்து மஞ்சளாகப் படிந்தது. துடைக்க மெதுவான துணி வேண்டும் என்றதும் பரிமளம் அலுமாரியைத் திறந்தாள். அண்ணனுடைய புது வேட்டியை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே, சர்ரென்று ஒரு துண்டு கிழித்து நீட்டினாள்.

தகட்டை ஒற்றி, நிழலில் உலர்த்தி, பழைய விளையாட்டு டிஸ்க் ஒன்றின் உறையைக் கீறி அதற்குள் செருகி, மெஷினில் போட்டாள். டிரைவ் கரகரத்தது. ஒரு இடத்தில் நின்றது. பிறகு விளக்கு மறுபடி எரிந்தது, திரையில் அந்த வசனம் வரவில்லை. புரோகிராம் கட்டி முடிந்துவிட்டது.

"நான் காரிலை கொண்டுபோய் விடுறன்" என்றார் தம்பிராசா.

"தேவையில்லை" என்றாள் பரிமளம். அவள் ஏற்கெனவே சேலை மாற்றியிருந்தாள். பஸ்ஸில் மீனலோசனி அவளுடைய கையைப் பிடித்து, "என்னை மன்னியுங்கோ மச்சாள்" என்றாள். பரிமளம் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

சங்கத்தில் செயலாளர் பத்திநாதர் தன் கையாலேயே டிஸ்க்கைப் போட்டார். குடும்பங்களின் பெயர்கள் மளமளவென்று இறங்கின.

"இதுக்கு வேறை டிஸ்க் ஒண்டும் போடத் தேவையில்லையோ பிள்ளை?"

"இல்லை ஐயா. தன்ரைபாட்டிலை ஓடும்."

தலைவரின் மருமகன் துடைக்கிற துணியோடு ஒரு பக்கமாக நின்றான். "திங்கக்கிழமை வாரும்" என்றார் பத்திநாதர்.

அவர்கள் திரும்பியபோது தம்பிராசா காரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் எதையோ தேடுவதுபோல நின்றார். "ஓடினதோ?" என்று கேட்டார்.

"ஓடினது. திங்கக்கிழமை வேலைக்குப் போறாள்" என்றாள் பரிமளம். "என்னட்டை ஒண்டு சொல்லுங்கோ. நீங்கள் செய்ததுக்கு அவள் என்னை ஏசேக்கை, நான் அழேக்கை, தெரியாமல் வைச்சிட்டாள் எண்டு சொன்னியளே. எப்பிடி வாய் வந்தது?"

தம்பிராசா காரின் மூடியைச் சாத்தினார். பரிமளம் அவருடைய சோற்றை மேசையில் மூடி வைத்துவிட்டு, தன்னுடைய சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு மீனலோசனியோடு குசினியில் போயிருந்து சாப்பிட்டாள்.