இரண்டு இருபத்து நான்குகள்

எமெட் வாவ்ரா முதல் நாள் என் அறைக்கு வந்தபோது, யாரோ ஆட்டக்காரனின் தம்பி வழி தெரியாமல் நுழைந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். எங்கள் நெப்ராஸ்காவில் சோளமும் சரி, பையன்களும் சரி, ஆளை மறைக்கிற மாதிரி வளர்வது வழக்கம். இவன் என் காது மட்டத்துக்குத்தான் வந்தான். நானே குள்ளம்.

"மிஸ் லோரெட்டா, எனக்கு ஒரு தோள்கவசம் வேணும்."

"உனக்கா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க போடறதைத்தான் தேடணும்."

"தேடுங்க. நான் நிக்கிறேன்."

நின்றான். கிடைக்கிறவரை நகரவே இல்லை.

எங்கள் கல்லூரி அணியின் சட்டை, கவசம், காலணி எல்லாம் என் பொறுப்பு. நல்ல ஆட்டக்காரர்களைப் பயிற்சியாளர்கள் வீடு தேடிப் போய், படிப்புச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அழைத்து வருவார்கள். வாவ்ராவை ஒருவரும் அழைக்கவில்லை. தானாக வந்தான், ஓடிக் காட்டினான். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அப்படி வருகிறவர்களுக்கு என்று ஒரு வேலை உண்டு. வரும் சனிக்கிழமை மோதப்போகும் அணியின் நட்சத்திர ஆட்டக்காரனைப் போலவே பயிற்சியில் ஓடிக் காட்ட வேண்டும். எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை மோதிக் கீழே தள்ளினால்தான் தடுத்ததாகக் கணக்கு. ஆக, நடிக்கிறவனுக்கும் அடி நிஜம். வாவ்ரா பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்து, எதிரி எந்தக் காலை ஊன்றித் திரும்புவான் என்பதுவரை பிடித்துவிடுவான். எங்கள் தடுப்பு வரிசையின் ராஜா டிரேவன் ஹோல்ப்ரூக் அவனைத் தினமும் புல்லோடு புல்லாகத் தேய்ப்பான்.

"செத்துட்டியா வாவ்ரா?"

"இன்னும் இல்ல. அந்த ஆளு இதைவிட வேகமா ஓடுவான். எந்திரி, இன்னொரு தடவை ஓடறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் அவன் தோளில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டே கேட்டுவிட்டேன். "நாலு வருஷமா உதை வாங்கி என்னடா கண்ட?"

"ஒரே ஒரு தடவை, நிஜ ஆட்டத்துல, என் பேர் போட்ட சட்டையோட இறங்கணும். அம்மா அதைப் பார்க்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்தச் சட்டையிலும் ஒரு வில்லங்கம். அவன் எண் இருபத்து நான்கு. டிரேவனுக்கும் அதே எண். அணியில் ஆட்கள் நூற்றுக்கு மேல், எண்களோ நூற்றுக்குள். சிலர் பங்கு போட்டுத்தான் ஆக வேண்டும். ஒரே எண்காரர்கள் இருவர் சேர்ந்தாற்போல் களத்தில் நின்றால் நடுவர் கொடி வீசித் தண்டனை கொடுப்பார். இவன் எங்கே களத்தில் நிற்கப்போகிறான் என்ற தைரியத்தில் கொடுத்த எண் அது.

அவன் படிப்பின் கடைசி வருடம், எங்கள் ஊரில் நடந்த கடைசி ஆட்டம். நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். புள்ளி எடுத்த அணிதான் அடுத்து பந்தை எதிரணிக்கு உதைத்துவிட்டுத் துரத்த வேண்டும். துரத்துகிற குழுவில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. தலைமைப் பயிற்சியாளர் ஸ்டென்ஸ்ருட் பெஞ்சைப் பார்த்தார்.

"வாவ்ரா! இந்த வாரம் முழுக்க பர்னெல் மாதிரி ஓடினது நீதானே? போய் அவனைப் பிடி."

பர்னெல் எதிரணியின் மின்னல். பந்தை வாங்கினால் கோடு தாண்டித்தான் நிற்பான். வாவ்ரா களத்துக்குள் ஓடினான். மேலே பார்வையாளர் வரிசையில் அவன் அம்மா எழுந்து நின்றதைப் பார்த்தேன். போர்வை காலடியில் விழுந்து கிடந்தது, எடுக்கவில்லை.

அதே நேரம் பதற்றத்தில் இருந்த உதவிப் பயிற்சியாளர் ஒருவர், இன்னொருவனை வெளியே இழுத்துவிட்டு, அவனுக்குப் பதிலாக டிரேவனையும் அனுப்பிவிட்டார். பர்னெல்லைத் தடுக்கப் பெரிய கை வேண்டுமாம். இரண்டு இருபத்து நான்குகள்! நான் கத்தினேன். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்?

வாவ்ரா கவனித்துவிட்டான். டிரேவனின் சட்டையை ஒரு தரம் பார்த்தான். நேராக வெளியே ஓடி வந்துவிட்டான். நானாக இருந்தால் நின்றிருப்பேன், நடுவர் எக்கேடோ கெடட்டும் என்று.

"எங்கடா வர்ற?" ஸ்டென்ஸ்ருட் சீறினார்.

"அங்க ரெண்டு இருபத்து நாலு நிக்குது கோச்."

அவர் களத்தைத் திரும்பிப் பார்த்தார். தொலைக்காட்சி விளம்பரத்துக்கான இடைவேளை இன்னும் முடியவில்லை. வாவ்ரா என் பக்கம் திரும்பினான். "மிஸ் லோரெட்டா, வேற சட்டை இருக்கா?"

பெட்டியில் இருந்தது ஒன்றே ஒன்று. அடிபட்டு ஊன்றுகோலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பக்லியுடையது, எண் அறுபத்து மூன்று. பக்லி ஒரு குளிர்பதனப் பெட்டி அளவு இருப்பான். மாட்டிவிட்டால் வாவ்ராவுக்கு முழங்காலைத் தொட்டது.

"நைட்டி நல்லாத்தான் இருக்கு!" என்றான் பக்லி.

"இதுல உன் பேர் இல்லையேடா," என்றேன்.

"பரவால்ல. உள்ள சொருகுங்க, சீக்கிரம்."

நடுவரிடம் எண் மாற்றத்தைச் சொல்லிவிட்டு ஓடினான். பந்து பறந்தது. பர்னெல் பிடித்து வலப்பக்கம் பாய்ந்தான். டிரேவன் உட்பட எல்லோரும் அந்தப் பக்கமே விழுந்தடித்து ஓடினார்கள். வாவ்ரா மட்டும் இடப்பக்கம் நின்றான். பர்னெல் காலை ஊன்றித் திரும்பினான், வாவ்ராவின் நெஞ்சிலேயே வந்து மோதினான். கட்டிப் பிடித்துச் சாய்த்துவிட்டான் எங்கள் குள்ளன்!

"தடுத்தவர்," என்று முழங்கியது ஒலிபெருக்கி, "அறுபத்து மூன்று, பக்லி!"

அரங்கமே அதிர்ந்தது. பக்லி ஊன்றுகோலைத் தூக்கிக் கும்பிடு போட்டான். பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வாவ்ராடா அது, கண்ணு தெரியாத பயலே!" என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்தினேன். வாவ்ராவோ மூக்கில் ரத்தத்தோடு பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான்.

எதிரணியால் மேலே நகர முடியவில்லை. பந்து எங்களுக்குத் திரும்பி வந்தது, இன்னும் மூன்று புள்ளி எடுத்தோம். மறுபடி உதைக்க வேண்டும். வாவ்ரா அந்த நைட்டியோடு தயாராக நின்றான்.

"வாவ்ரா, அதைக் கழட்டு," என்றார் ஸ்டென்ஸ்ருட்.

அவன் முகம் தொங்கிப்போனது. அவ்வளவுதான், உட்காரவைக்கப் போகிறார் என்று நானும் நினைத்தேன்.

"உன் சட்டையைப் போடு. டிரேவன், நீ பக்லியோடதை மாட்டு."

காலுறை நிறம் சரியில்லை என்றால்கூட என்னோடு மல்லுக்கு நிற்கிறவன் டிரேவன். அன்றோ உடனே தன் சட்டையைத் தலைக்கு மேலே உருவி என் கையில் கொடுத்தான், ஈரமான பக்லி சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டான், நடுவரிடம் போனான்.

"நான் இப்ப அறுபத்து மூணு சார்," என்றான். பிறகு கையை நீட்டிக் காட்டினான். "அதோ ஓடறான் பாருங்க, அவன்தான் இருபத்து நாலு."