மெஷினுக்கு நல்ல தண்ணி

இடிக்கட்டும், இடிச்சுத் தொலைக்கட்டும், அப்பா கட்டின சுவர் அப்பா கட்டின சுவருன்னு இத்தனை நாள் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருந்தது போதும்... என்று கனகசபாபதி நாற்காலியை வராந்தாவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார், ஆனாலும் உள்ளே பிளம்பர் இசக்கிப்பாண்டியின் சுத்தியல் உளியில் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் இவர்தான் பல்லைக் கடித்தார். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுவர், நின்று மீசையை ஒதுக்கிக்கொள்ளலாம் போலப் பளபளக்கும், இனி சிமெண்ட் வைத்து அடைத்தால் முகத்தில் பிளாஸ்திரி ஒட்டின மாதிரி தெரியும்... தெரிஞ்சுட்டுப் போகட்டுமே, சுவரா முக்கியம்? ஆடிக்கு அம்மா வீட்டுக்கு மதுரைக்குப் போன மருமகள் ரோஷினி, ஆவணி முடியப்போகுது, இன்னும் வந்தபாடில்லை. சண்டையா, சச்சரவா, ஒன்றும் கிடையாது, கிளம்பும்போதுகூட விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனாள், தண்ணிதான் மாமா சேரல, தலைமுடி கொத்துக் கொத்தா வருது என்றாள், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள், அந்தச் சிரிப்புதான் அவரைப் படுத்தி எடுக்கிறது. மகன் ஹரிஷ்குமார் நேற்று போனில், நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் வர்றோம்ப்பா, தண்ணி இன்னும் அப்படியே இருந்தா மதுரையிலயே வீடு பாத்துக்கிடுதோம், நம்ம பிரஸ்ஸுக்கு நான் தினமும் வந்து போயிக்கிடுதேன் என்று இழுத்தான். ஒரே பையன், இம்புட்டுப் பெரிய வீட்டில் அப்புறம் யார் இருக்கப்போகிறார்கள், இவரும் மனைவி பொன்னுத்தங்கமும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான்.

செய்யாமலும் இல்லையே... போர் தண்ணியின் கடினத்தை எடுக்கிற சாஃப்ட்னர் மெஷின் ஒன்றை வாங்கி மாடிக் குளியலறைக்கு லைன் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. கம்பெனிக்காரன் மருந்து பாட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனான், தண்ணியில் சொட்டு விட்டால் கடினத் தண்ணி சிவப்பாகும், நல்ல தண்ணி நீலமாகும். மெஷின் வாயில் பிடித்தால் நீலம், காலையில் மோட்டார் போட்டு மாடிக் குழாயில் பிடித்தால் சிவப்பு, அதுவும் எப்படிப்பட்ட சிவப்பு, அவர் பிரஸ்ஸில் காலண்டர் முருகனின் பட்டுக்கு ஓட்டுவார்களே அந்தச் சிவப்பு. எங்கனயோ வேற லைன் வந்து கலக்குது அண்ணாச்சி, சுவத்தைத் தட்டிப் பாக்கணும் என்று இசக்கிப்பாண்டி சொன்னதற்கு, இருந்தா எங்க அப்பா எங்கிட்டச் சொல்லாமப் போயிருப்பாரா, கையை வச்சே பாத்துக்க என்று குதித்தார். அப்பா சொல்லாமல் போனது இன்னும் எத்தனையோ இருக்கும், மனுஷன் பேசினதே அபூர்வம்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், தண்ணியைப் பற்றி அவருக்குத் தெரியாதா? இதே சிவகாசியில், அவர் பிரஸ்ஸில் புது ஆப்செட் மெஷின் இறக்கின புதிதில் மை நிற்கவில்லை, உருளையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது, பார்க்க வந்த இன்ஜினியர், மெஷினுக்கு நல்ல தண்ணி குடுங்க சார் என்றான், அவ்வளவுதான், அந்த வாரமே தண்ணியைச் சுத்தம் பண்ணுகிற பிளான்ட் வந்து இறங்கியது. இன்றைக்கும் சீசன் லோடு ஏறுகிற நாளில் அவரே போய் பிளான்ட் தண்ணியில் மீட்டரை முக்கிப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம். வீட்டில்? வீட்டில் குடிக்க, பொங்க நல்ல தண்ணி, குளிக்க, துவைக்க உப்புத் தண்ணி, எல்லா வீட்டிலும் அப்படித்தானே, மேலுக்கு ஊத்துற தண்ணிக்கு என்ன ருசி வேண்டிக்கிடக்கு என்பார் அப்பா, அதையே இவரும் சொல்லி வந்தார்.

நேற்றுச் சாயங்காலம் அவர் கத்திக்கொண்டிருந்தபோது பொன்னுத்தங்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், "மோட்டார் ஓடும்போது இந்தச் சுவரு மட்டும் குளுகுளுன்னு இருக்கும். வெயில் காலத்துல நான் இங்கனதான முதுகைச் சாய்ச்சு உக்காருவேன்." மோட்டாரைப் போடச் சொல்லி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், அடேயப்பா, மண்பானை மாதிரி சில்லென்று இருந்தது... அதற்கு மேல் என்ன வீம்பு, காலையில் உளியை எடுக்கச் சொல்லிவிட்டார். இதோ சத்தம் நின்றுவிட்டது, அண்ணாச்சி இங்க வாங்க என்கிறான், எழுந்த வேகத்தில் வேட்டி நாற்காலியில் மாட்டிக்கொண்டது. சுவருக்குள் துருப்பிடித்த இரும்புக் குழாய், மேலே தொட்டி கட்டாத காலத்தில் போர் மோட்டாரிலிருந்து நேரே மாடிக்கு ஏற்றினது, மூடாமலே பூசிவிட்டார்கள், மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் உப்புத் தண்ணி இது வழியாகத்தான் ஏறிப் போயிருக்கிறது. அறுத்து எடுத்த துண்டை இசக்கிப்பாண்டி வெளிச்சத்தில் காட்டினான், உள்ளே சுற்றிலும் உப்புப் படிந்து சுண்டுவிரல் போகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. இரண்டு பக்கமும் மூடிவிட்டு மோட்டாரைப் போட்டார்கள், மாடிக்கு ஏறினார்கள், குழாயைத் திறந்தார்கள், கொஞ்ச நேரம் விட்டுப் பிடித்துச் சொட்டு விட்டார்கள்... நீலம். அப்படி ஒரு நீலத்தை நாற்பது வருஷம் மையில் புழங்கினவர் பார்த்ததே இல்லை. முருகா என்று கண்ணை மூடிக் கும்பிட்டவர் கையோடு போன் போட்டார், ரோஷினிதான் எடுத்தாள், நீலம்மா, நீலம் என்றார், அவள் சொன்னாள், "திருமங்கலம் தாண்டிட்டோம் மாமா. அப்ப பெட்டியை நேரா மாடிக்கே ஏத்திரச் சொல்லுதேன்." சிரித்தாள், இது வேற சிரிப்பு, இது நம்ம வீட்டுப் பிள்ளையின் சிரிப்பு, அப்பாடா, வயிற்றில் பாலை வார்த்தாள் மகராசி. இசக்கிப்பாண்டிக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, உடைந்த சுவரைத் தாண்டிப் போனார், பரவாயில்லை, அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டிவிடலாம், காலண்டருக்கா பஞ்சம்.

கார் வருகிற நேரமாச்சு, இந்தப் பொன்னுவை எங்கே காணோம் என்று மறுபடி மாடிக்குப் போனால், அவள் அந்தக் குளியலறையில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள், கழுவிக்கொண்டே இருந்தாள். ஏங்க, சோப்பு போகவே மாட்டேங்குது, வழுவழுன்னே இருக்கு என்றாள். போயிருச்சு தங்கம், நல்ல தண்ணி அப்படித்தான் இருக்கும் என்று பிரஸ் மெஷினில் படித்த பாடத்தை ஒப்பித்தார். அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஆமா, எங்க ராசபாளையத்துல இப்படித்தான் இருக்கும். மறந்தே போச்சு பாருங்க" என்றாள், இன்னும் கொஞ்சம் தண்ணியை உள்ளங்கையில் பிடித்து விட்டாள். ராஜபாளையம்... பெண் பார்க்கப் போன அன்று அவள் காபித் தட்டோடு குனிந்தபோது பின்னல் முன்னால் வழுக்கி விழுந்து டம்ளரைத் தட்டிவிட்டது, எல்லோரும் சிரித்தார்கள், அவ்வளவு பெரிய பின்னல், இவர்கூட இந்த வீட்டு வாசலுக்கு அவள் ஜடையோடு இடம் போதுமா என்று தங்கச்சிகளிடம் கேலி பேசினாரே... அது எப்போது போனது? எந்த வருஷம்? ஒரே நாளில் போயிருக்காது, கீழே அந்த உப்புத் தண்ணிக் குளியலறையில் கொத்துக் கொத்தாக அவளும்தானே அள்ளிப் போட்டிருப்பாள், ஒரு தடவையாவது சொல்லியிருப்பாளோ, சொன்னதற்கு இவர் மேலுக்குத்தானே என்று... சொன்னாளா சொல்லவே இல்லையா, எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மாடிக்கு மட்டும் லைன் போதும் என்று மெஷின்காரனிடம் சொன்னது இவர்தான், அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாசலில் கார் ஹாரன் அடித்தது, மருமக வந்தாச்சு, ஆரத்தி கரைக்கணும் என்று பொன்னுத்தங்கம் குழாயைத் திருகி மூடினாள், ஈரக் கையாலேயே தலையை அள்ளி முடிந்துகொண்டு படியிறங்கினாள், முடிவதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை.