சொன்னவர் பெயர்

மில்லின் புரொடக்ஷன் மேனேஜர் கோவிந்தராஜுலு அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்தைப் புரட்டும்போதும் நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டார். எதிரே நின்ற ரெபேக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலேஜ் கருத்தரங்க அறையில் ஏ.சி. ஓடியது. ஆனாலும் கழுத்தில் தொங்கிய காலேஜ் அடையாள அட்டையின் நாடா வேர்வையில் நனைந்து பிடரியில் ஒட்டியது. பக்கத்தில் நிதீஷ் திரையில் படங்களை மாற்றி மாற்றிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வருடம் மென்பொருள் பொறியியல் படிப்பவர்கள், நிஜமான ஒரு வாடிக்கையாளருக்கு மென்பொருள் வடிவமைத்துத் தர வேண்டும். நிதீஷின் பெரியப்பா மூலம் சிங்காநல்லூரில் ஒரு நூல் மில் கிடைத்தது. எந்த மிஷினை யார் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அவரவர் அடையாளக் கார்டை வைத்துப் பதிவு செய்யும் மென்பொருள். மில்லின் பெயரைக் கேட்டதும் ரெபேக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் அம்மா ரூத் பதினாறு வருடமாக வேலை பார்க்கும் மில் அது. அதை அவள் சொல்லவில்லை. "அங்க தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க இருக்காங்க. இன்டர்வியூ நான் எடுக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

வழிகாட்டியான இல்மா மேடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார். "வேலை பாக்கறவங்க இப்ப எப்படிச் செய்யறாங்கன்னு கேளுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க. மென்பொருளுக்கு என்னென்ன வேணும்னு எழுதற ஒவ்வொரு தேவைக்கும் நேரா அதைச் சொன்னவங்க பேரு இருக்கணும். பேரு இல்லாட்டி நீங்களா கற்பனை பண்ணுனதுன்னு மார்க்கைக் குறைச்சிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, ரெபேக்கா போனைத் தரையில் வைத்துப் பதிவை ஓடவிட்டாள்.

"டிபார்ட்மெண்டை உட்டு வெளிய போறதுக்கு ரெண்டே டோக்கன்தான் கண்ணு. நாப்பது பேருக்கு. சாஜிதாவுக்குக் கர்ப்பப்பைல கட்டி. டோக்கனுக்குக் காத்திருந்தா துணி நனைஞ்சுரும். அதுக்குத்தான் ஏப்ரன். கழட்டி மிஷின் முனைல தொங்கவிட்டாப் போதும், நானோ பாப்பாயக்காவோ அவ பக்கத்தையும் சேத்துப் பாத்துக்குவோம். பஞ்சு மூட்டைக்குப் பின்னால இருவது நிமிசம் படுத்து எந்திரிச்சு வந்துருவா. ஒரு இழை அந்து நிக்காது."

"சூப்பர்வைசருக்குத் தெரியாதா?"

"அவருக்கு என்ன தெரியும்? ஏப்ரன் காயுதுன்னு நெனைச்சுக்குவாரு." அம்மா சிரித்ததில் பூண்டுத்தோல் பறந்தது.

அதைக் கேட்டுத்தான் ரெபேக்கா பதினாலாவது தேவையை எழுதினாள். ஒருவர் தன் மிஷினைப் பக்கத்தில் இருப்பவரிடம் முறையாக ஒப்படைக்க ஒரு பட்டன் வேண்டும். சாஜிதா இனி ஒளிந்து படுக்க வேண்டியதில்லை. அது ஏன் தேவை என்பதற்கு இப்போதைய வழக்கத்தை, ஏப்ரனை, பஞ்சு மூட்டையை, இருபது நிமிடத்தை நல்ல இங்கிலீஷில் விவரித்தாள். அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் மூன்று பெயர்களையும் தட்டினாள். ரூத். பாப்பாயி. சாஜிதா பேகம். காலேஜ் பிரிண்டரிலிருந்து அந்தத் தாள் சூடாக வந்தபோது, அம்மாவின் பெயர் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். ரேஷன் கார்டு, ஆதார் கார்டைத் தவிர அம்மாவின் பெயரை வேறெங்கும் அவள் அச்சில் பார்த்ததில்லை.

இப்போது கோவிந்தராஜுலு அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். தாளின் மூலையை மடித்தார். நிதீஷின் பேச்சு தானாக நின்றது.

"ஏம்மா, இந்தப் பதினாலு. நீ போய்ப் பாத்து எழுதுனதா, அவங்க சொன்னதா?"

"சொன்னதுங்க சார்."

"அவங்களே சொன்னாங்களா?" அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இல்மா மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். "பத்து வருசமா சூப்பர்வைசருக்குச் சம்பளம் குடுத்துக் கண்டுபிடிக்க முடியலைங்க மேடம். உங்க பொண்ணு ஒரே இன்டர்வியூல எடுத்துப்போட்டா."

மேடத்தின் முகம் மலர்ந்தது. ரெபேக்கா அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"சார், தப்புன்னு எழுதலைங்க. பட்டன் ஒண்ணு வெச்சா முறைப்படியே மாத்திக்கலாம்னுதான்..."

"பட்டனெல்லாம் வேண்டாம்மா. கார்டு வெச்சவ மூணு நிமிசம் மிஷின்கிட்ட இல்லாட்டி எம் போன்ல செவப்பாக் காட்டணும். முடியுமா?"

"முடியுங்க சார்" என்றான் நிதீஷ்.

"வாடிக்கையாளர் கேட்ட மாற்றம். எழுதிக்கோ ரெபேக்கா" என்றார் மேடம்.

அவள் எழுதினாள். "சார், அந்தப் பேருங்க... மாத்திப் போட்டுட்டேன்னு நெனைக்கறேன். திருத்திக் குடுக்கறேனுங்க."

"இல்லைங்க சார், கரெக்டுதான். ரெக்கார்டிங் இருக்குதுங்க. நானே கேட்டு செக் பண்ணுனேன்." அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து நிதீஷ் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

கோவிந்தராஜுலு உட்கார்ந்த இடத்திலிருந்தே போனை எடுத்தார். "முதல் ஷிப்டுல ரூத்து, பாப்பாயி, சாஜிதா. ரெண்டு மணிக்கு ஊட்டுக்கு உட்ராத. ஆபீசுல உக்கார வை. நான் வாரேன்."

அவங்க எங்கம்மா சார். சொல்லிவிட வாயைத் திறந்தாள். சொன்னால் அம்மாவை விட்டுவிடுவாரா, மகளை வைத்து மில்லுக்குள் வேவு பார்த்தாயா என்று இன்னும் கோபப்படுவாரா? மேடம் பார்ப்பார். நிதீஷ் பார்ப்பான். இதில் எதற்குப் பயந்தாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை. அதற்குள் அவர் எழுந்து எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டார். அவளுக்கும் கொடுத்தார்.

வராந்தாவில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஷிப்டு முடியும்வரை போன்கள் எல்லாம் கேட்டில் இருக்கும் பெட்டியில்தான் கிடக்கும், அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு முறை போட்டாள்.

இரண்டு பஸ் மாறி சிங்காநல்லூரில் இறங்கியபோது மணி இரண்டு பத்து. மில் வாசலில் அவர் கார் ஏற்கெனவே நின்றது. கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டார்.

ஆபீஸ் முன்னறையில் பெஞ்சின் மேல் அம்மாவும் பாப்பாயியும் உட்கார்ந்திருந்தார்கள். சாஜிதா உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். அம்மாவின் புருவத்தில் பஞ்சு வெள்ளையாக ஒட்டியிருந்தது. எதிர் மேஜையில் மூன்று ஏப்ரன்கள் மடித்து அடுக்கப்பட்டு, அவற்றின் மேல் மூன்று கார்டுகள் இருந்தன.

"அட, வா கண்ணு! ஏன் காலேஜ் இல்லையா?" அம்மாவின் முகம் விரிந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த கிளார்க்கிடம், "எம் பொண்ணுங்க. இஞ்சினியரிங். நம்ம மில்லுக்குத்தான் கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றா" என்றாள். கிளார்க் நிமிரவில்லை.

"ஏப்ரனை எதுக்கு வாங்கி வெச்சீங்கன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டீங்கறாரு" என்றாள் பாப்பாயி. "எனக்கு நெஞ்சு படபடங்குது அம்மணி."

"நீ சும்மா இரு பாப்பாயக்கா. நல்லதுக்காகவும் இருக்கும். பேப்பர்ல பேரெல்லாம் அடிச்சிருக்கறாங்களே" என்ற அம்மா, மடியிலிருந்த தாளை எடுத்து நீட்டினாள். "பூரா இங்கிலீசு. ஆனா எம் பேரை நானே கண்டுபுடிச்சுட்டேன். இதப் பாரு."

மூலை மடிந்த தாள். பெயர்களுக்குக் கீழே, புதிதாக, பென்சிலால் மூன்று கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன, கையெழுத்துக்காக. உள் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சாஜிதா சுவரைவிட்டு நிமிர்ந்தாள்.

"மேல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு கண்ணு, அவரு வர்றதுக்குள்ள" என்றாள் அம்மா. பஞ்சு அடைத்த விரல் நகம் பெயருக்குக் கீழேயே நின்றது.