அரை மூடி உரம்

முழங்கை வரை கையை மீன்தொட்டிக்குள் விட்டு, சடைசடையாகப் படர்ந்திருந்த பாசியைப் பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள் அவள். கூடத்தில் அவள் கணவர் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார்.

"அண்ணி, வண்டி வர்ற நேரம். இப்பப் போயி இதா?" நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கண்ணன் இதத் தாண்டித்தானே வெளிய போகணும்? இந்தக் கோலத்துல பாத்தா என்ன சொல்வாரு?"

நாத்தனார் வாளியை எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள்.

அவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். தும்மல் வந்தால்கூட அளந்துதான் தும்முவார் என்று கடைவீதியே சிரிக்கும். அவளுடையதோ விடுதிச் சமையலறையில் கரண்டி பிடித்த கை. நாலு பேருக்கு ஆக்கச் சொன்னால் ஒரு பட்டாளம் வந்து தின்றுவிட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டும் போகலாம்.

மீன்தொட்டிக்குள் வளர்ந்த செடிகளுக்கு அவர் வாரத்துக்கு ஒருமுறை திரவ உரம் ஊற்றுவார். அரை மூடிதான். "ஒரு எறும்புக்குக்கூட பத்தாது" என்பாள். "இது செடிடி, உன் விடுதிப் பசங்க இல்ல. இன்னொரு தட்டு கேக்காது" என்பார்.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்ததும், திரும்பி வரும்போது செடி செழித்து நிற்கட்டும் என்று தினமும் மூடி ததும்ப ஊற்றினாள். விருந்து மொத்தத்தையும் பாசி தின்றது. தின்ற தெம்பில், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஜன்னல் வழியாக இறங்கித் தெருவையே மறித்திருக்கும்.

அவர் கட்டிலில் இருந்தபடி கேட்டார். "தொட்டி எப்படி இருக்கு?"

"காடு மாதிரி இருக்குங்க."

"படம் காட்டு."

போனில் பழைய படம் ஒன்றைத் தேடிக் காட்டினாள். வெகுநேரம் பார்த்தார். அதிலிருந்த சிவப்பு மீனை விரலால் தொட்டார்.

"செவப்பனும் நல்லாத்தான் இருக்கான்" என்றார். பிறகு, "ஏதாவது கேக்கணும்னா கேளு. சும்மாத்தானே படுத்திருக்கேன்."

"கேக்க என்ன இருக்கு? தூங்குங்க."

நேற்று அங்கேயே போய்விட்டார்.

நாத்தனார் மனமிரங்கிச் சேலையைச் செருகிக்கொண்டு வாளியைப் பிடித்தாள். "இதுல செவப்பா ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்குமே அண்ணி? நான் வந்தா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்குமே, அது எங்க?"

"செவப்பனா? அது எப்பவோ போயிடுச்சே. உங்கண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே. அவர்தான் பூந்தொட்டியில குழி தோண்டி..."

தண்ணீருக்குள் கை நின்றது.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல." பாசியை மறுபடி பிடுங்கினாள். அதை வாளியில் போட்டுவிட்டு, "உள்ளதச் சொல்லிக் கேட்டிருந்தா நாள் பூரா திட்டியிருப்பாரு" என்றாள். "எழுந்து உக்காந்து திட்டியிருப்பாரு."

நாத்தனாருக்குப் புரியவில்லை.

கீழே வண்டி வந்து நின்ற சத்தம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உரப் பாட்டிலைத் திறந்து, அரை மூடி ஊற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பாசி கழன்ற இலைகள் பழுத்துத் துவண்டு கிடந்தன. மூடியோடு கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இப்ப எவ்வளவு ஊத்தணும்?"

கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாடிப்படியில் ஆட்கள் ஏறி வந்தார்கள். அவள் மூடியிலிருந்ததை ஒரு சொட்டும் சிந்தாமல் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றினாள்.